ஆலாபனைக்கும் கிருதிக்கும் நடுவில் ஏன் துண்டிக்கிறது?

மயிலாப்பூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "ஓய்வு பெற்றவன். வீட்டுக் கம்ப்யூட்டரில் விண்டோஸ், 4 ஜிபி ராம். ஆறாயிரம் பாட்டு இருக்கிறது. பாதி பழைய சினிமாப் பாட்டு, பாதி கச்சேரி. ஆலாபனை முடிந்து கிருதி தொடங்கும் இடத்தில் ஒரு கணம் துண்டிக்கிறது. ஒரு பாட்டு அலறுகிறது, அடுத்தது காதில் விழவே இல்லை. பல பாட்டுகளின் பெயர் கிறுக்கலாகத் தெரிகிறது. எந்த பிளேயர் போடலாம்?"

ஃபூபார்2000 போடுங்கள். இலவசம். சில எம்பி அளவுதான், உங்கள் கம்ப்யூட்டருக்குச் சுமையே இருக்காது. பார்க்க வெறிச்சென்று இருக்கும். அட்டைப்படமெல்லாம் அழகாகத் தெரிய வேண்டும் என்றால் மியூசிக்பீ. அதுவும் இலவசம்தான். உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு ஸ்ட்ராபெரி. விஎல்சி எந்தக் கோப்பைக் கொடுத்தாலும் பாடும், வீடியோவுக்கு நானும் அதைத்தான் வைத்திருக்கிறேன். ஆனால் ஆறாயிரம் பாட்டை ராகம் வாரியாக, பாடகர் வாரியாகத் தேடி எடுக்க அது தோதுப்படாது. எதுவானாலும் அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள்.

இனி அந்தத் துண்டிப்பு. எம்பி3 ஆக மாற்றும்போது பாட்டின் முன்னும் பின்னும் துளி மௌனம் சேர்ந்துவிடுகிறது. சினிமாப் பாட்டில் அது தெரியாது. கச்சேரி சிடியில் ஆலாபனை ஒரு ட்ராக், கிருதி அடுத்த ட்ராக், தனி ஆவர்த்தனம் இன்னொன்று என்று வெட்டியிருப்பார்கள். தம்புரா ஓடிக்கொண்டே இருக்கும்போது அந்தத் துளி மௌனம் குறுக்கே வந்தால் சுருக்கென்று தைக்கும். எவ்வளவு மௌனம் சேர்ந்தது என்ற குறிப்பைக் கோப்பிலேயே எழுதிவைக்கும் மென்பொருள்கள் உண்டு. லேம் அப்படிப்பட்டது. ஃபூபார் அந்தக் குறிப்பைப் படித்து மௌனத்தை நீக்கிவிட்டுப் பாடும். குறிப்பு இல்லாத கோப்பில் கொஞ்சம் இடைவெளி இருக்கத்தான் செய்யும். அந்தச் சிடிகள் இன்னும் அலமாரியில் இருந்தால் ஃபிளாக் வடிவத்தில் மறுபடி ஏற்றுங்கள். ஒலி துளியும் குறையாது, இந்த மௌனமும் சேராது. இடம் மட்டும் எம்பி3ஐவிடப் பல மடங்கு பிடிக்கும்.

சத்தத்தைச் சமன் செய்ய ரீப்ளேகெயின் என்ற வசதி. பாட்டுகளைத் தேர்வு செய்து ரைட் கிளிக் பண்ணினால் ஃபூபாரில் அந்தப் பெயரிலேயே மெனு வரும். அது ஒலியைத் தொடாது, எவ்வளவு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும் என்ற எண்ணை மட்டும் கோப்பில் எழுதும். சினிமாப் பாட்டுகளுக்குத் தனித்தனி ட்ராக் கணக்கு, அதாவது ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு எண். கச்சேரிக்குக் கட்டாயம் ஆல்பம் கணக்குதான், அதாவது ஆல்பம் முழுதுக்கும் ஒரே எண்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் மெல்லத் தொடங்கும் ஆலாபனையும் மிருதங்கம் முழங்கும் தனியும் ஒரே சத்தத்துக்கு வந்துவிடும், கச்சேரியின் உயிரே போய்விடும்.

பெயர்த் தொல்லை மட்டும் எந்த பிளேயராலும் தீராது. பாட்டின் பெயரும் பாடகர் பெயரும் கோப்புக்குள் டேக் என்ற குறிப்பாக இருக்கின்றன. யூனிகோடு பரவாத காலத்தில் டிஸ்கி போன்ற பழைய முறைகளில் தட்டச்சு செய்தவை இன்று கிறுக்கலாகத்தான் தெரியும். டேக்கின் முதல் வடிவத்தில் பாட்டுப் பெயருக்கு 30 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு, அதாவது க போன்ற ஒரு எழுத்துக்கோ மேலே வைக்கும் புள்ளிக்கோ, 3 பைட் போகிறது என்பதால் பத்துக் குறியோடு பெயர் அறுந்துவிடும். எம்பி3டேக் என்ற இலவச மென்பொருளில் திறந்து, டேக்கை அதற்கு அடுத்து வந்த ஐடி3வி2 வடிவில் யூனிகோடாகச் சேமியுங்கள். கிறுக்கலை எழுத்துரு மாற்றியில் ஒட்டி மீட்கலாம். சிலதைக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருக்கும்.

அப்போது ஒரு முடிவும் எடுங்கள். எஸ்.பி.பி., எஸ்.பி. பாலசுப்ரமணியம் என்று இரண்டு விதமாக எழுதினால் கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு பேர். ஒரே எழுத்தில் நில்லுங்கள். சினிமாப் பாட்டில் கலைஞர் கட்டத்தில் பாடகர், கம்போசர் கட்டத்தில் இசையமைப்பாளர். கச்சேரியில் கம்போசர் இடத்தில் தியாகராஜரோ தீட்சிதரோ வருவார்கள். ராகத்துக்கும் தாளத்துக்கும் தனிக் கட்டம் சேர்த்துக்கொள்ளலாம், ஃபூபார் அதையும் தேடித் தரும். ஒரு சாயங்காலம் கல்யாணி மட்டும் கேட்க வேண்டும் என்று தோன்றினால் ஒரு சொல் அடித்தால் போதும், பாதிக் கச்சேரிகளிலிருந்து வந்து வரிசையாக நிற்கும்.

இந்த உழைப்பைக் கோப்புக்குள்ளேயே செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 1997இல் வந்த வின்ஆம்ப் என்ற பிளேயர் ஒரு காலத்தில் எல்லார் வீட்டிலும் இருந்தது. இன்று எத்தனை வீட்டில் இருக்கிறது? பிளேயருக்குள் போட்ட பட்டியலும் பாட்டுக்குக் கொடுத்த நட்சத்திர மதிப்பெண்களும் பெரும்பாலும் அந்த பிளேயரோடு போய்விடும். டேக்கில் எழுதியது நாளைக்கு எந்த பிளேயருக்கு மாறினாலும் கூடவே வரும்.

தொடங்கும் முன் ரிச்சி தெருவில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி மொத்த ஃபோல்டரையும் நகல் எடுத்துவிடுங்கள். டேக் மாற்றியதைத் திரும்பப் பெறுவது கஷ்டம். அப்புறம் பத்தே பத்துப் பாட்டில் செய்து பாருங்கள். சரியாக வந்தால் ஒரு நாளைக்கு ஒரு ஆல்பம் என்று போகலாம்.