லாபம் வருகிறது என்கிறோம், ‘பணம் எங்கே?’ என்கிறார் ஆசிரியர்

கேள்வி: மேல்நிலை இறுதியாண்டில் வணிகமும் தொழில்முனைவும் பாடமாக எடுத்திருக்கிறேன். வரையறைகளெல்லாம் மனப்பாடம். ஆனாலும் கேஸ் ஸ்டடி கேள்விகளில் பாதி மதிப்பெண்கூட வருவதில்லை. புராஜெக்டுக்காக, அச்சிட்ட துணிப்பை விற்கும் வணிகத் திட்டம் ஒன்றைக் குழுவாகத் தயாரித்தோம். பை ஒன்றின் விலை 50. துணி, மை, தையல் கூலி சேர்த்து ஒரு பைக்கு 30 ஆகிறது. எத்தனை பை விற்றாலும் மாறாத நிலையான செலவு மாதம் 6,000, கையில் உள்ள தொடக்கப் பணம் 5,000. மாதம் 360 பை விற்கும், அதில் பாதி கடைகளுக்கு 30 நாள் கடனில் போகும். லாபம் 1,200 என்று காட்டினோம். ஆசிரியர் ‘பணம் எங்கே?’ என்று எழுதித் திருப்பித் தந்துவிட்டார். விலையை 45 ஆகக் குறைத்தால் சரியாகிவிடும் என்கிறான் நண்பன். எங்கே தவறினோம்?

பதில்: கணக்கில் பிழை இல்லை. ஒரு பைக்கு 20 மிஞ்சுகிறது, 360 பைக்கு 7,200. நிலையான செலவு 6,000 போக 1,200 லாபம்தான். ஆனால் லாபம் வேறு, கையிருப்பு வேறு. ஆசிரியர் கேட்டது இரண்டாவதை.

முதல் மாதத்தைப் பணம் வரும் நாள், போகும் நாள் பார்த்து எழுதுங்கள். மூலப்பொருளுக்கும் கூலிக்கும் 10,800, நிலையான செலவு 6,000, ஆக வெளியே போவது 16,800. உள்ளே வருவது ரொக்க விற்பனையான 9,000 மட்டும். மீதி 9,000 கடைக்காரர்களிடம் நிற்கிறது. தொடக்க 5,000ஐச் சேர்த்தாலும் மாத முடிவில் 2,800 பற்றாக்குறை. இரண்டாம் மாதம் பழைய கடன் வசூலாகிறது: வரவு 18,000, செலவு 16,800. பற்றாக்குறை 1,600ஆகக் குறையும். மூன்றாம் மாத முடிவில் 400. நான்காம் மாதத்தில்தான் 800 கையில் நிற்கும். மாதந்தோறும் லாபம் ஈட்டியபடியே மூன்று மாதம் பணமில்லாமல் தவிக்கப்போகிறீர்கள். அதுவும் எல்லாக் கடையும் தவணை தவறாமல் கொடுத்தால்.

மாத முடிவுக் கணக்கு இன்னொன்றையும் மறைக்கும். மாதத்துக்கான துணி, மை, கூலி எல்லாவற்றுக்கும் முதல் நாளே பணம் கொடுப்பதென்றால் 5,000 எந்த மூலைக்கு? வாரம் 90 பை என்று பிரித்துச் செய்தால் முதல் வாரத்துக்கு 2,700 போதும். மொத்தமாக வாங்கினால் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும்தான், ஆனால் கடை ஓடும். எனவே முதல் மாதத்தை வாரவாரியாகவும் அடுத்த மாதங்களை மாதவாரியாகவும் போடுங்கள்.

பற்றாக்குறையைக் கண்டுபிடித்ததோடு நிறுத்தினால் பாதி மதிப்பெண்தான். தீர்வையும் எண்ணில் காட்டுங்கள். செலவான 10,800இல் பாதியை 30 நாள் கழித்துத் தருகிறோம் என்று, அதைப் பெற வேண்டியவர்களை ஒப்புக்கொள்ள வைத்தால் முதல் மாதம் 11,400தான் வெளியே போகும், மாத முடிவில் 2,600 மிஞ்சும். கடைகளிடம் பாதி முன்பணம் கேட்பது இன்னொரு வழி. ஆனால் புதிய பெயரில் வரும் பைக்குக் கடைக்காரர் முன்பணம் தருவாரா என்று யோசித்து எழுதுங்கள்.

மாணவர்கள் வழுக்கி விழும் இடங்கள் சில இங்கேயே உண்டு. கடனாக வாங்கிய பணம் பணப்புழக்கத்தில், அதாவது பணம் வருவதையும் போவதையும் பார்க்கும் கணக்கில், வரவு; லாபக் கணக்கில் வருமானம் அல்ல. தேய்மானம், அதாவது இயந்திரம் பழசாகி மதிப்பு குறைவதற்காக எழுதும் செலவு, இதற்கு நேர்மாறு: லாபத்தைக் குறைக்கும், கையிருப்பைத் தொடாது. இயந்திரம் வாங்கிய மாதத்தில் கொடுத்த தொகை முழுதும் பணப்புழக்கத்தில் போகும். உங்கள் 6,000க்குள் தேய்மானம் ஒளிந்திருந்தால் பணப்புழக்கத் தாளில் அதை எடுத்துவிடுங்கள். குழுவினரின் உழைப்புக்குச் சுழியம் போட்டிருந்தால் அதையும் தனிக் குறிப்பாக ஒப்புக்கொள்ளுங்கள். அந்த 1,200 லாபத்தில் ஒரு பகுதி உங்கள் இலவச உழைப்புதான்.

இனி, விலையை 45 ஆக்கும் யோசனை. இதற்கு சமநிலைப் புள்ளி வேண்டும், அதாவது லாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் நிற்கும் விற்பனை அளவு. நிலையான செலவை ஒரு பை தரும் பங்களிப்பால், அதாவது விலையில் அந்தப் பைக்கான செலவு போக மிஞ்சுவதால், வகுக்க வேண்டும்: 6,000 வகுத்தல் 20, ஆக 300 பை. எதிர்பார்ப்பு 360 என்பதால் பாதுகாப்பு இடைவெளி 60 பை, ஆறில் ஒரு பங்கு. விற்பனை அதற்கு மேல் சறுக்கினால் நட்டம். விலை 45 ஆனால் பங்களிப்பு 15, சமநிலைப் புள்ளி 400. விலையில் பத்தில் ஒரு பங்கைத்தான் குறைத்தீர்கள், ஆனால் தாண்ட வேண்டிய தடை மூன்றில் ஒரு பங்கு உயர்ந்துவிட்டது. குறைந்த 5, விலையில் சிறு துண்டு. பங்களிப்பில் கால் பங்கு. அதே 1,200 லாபத்துக்கு இப்போது 480 பை விற்க வேண்டும். உங்கள் அச்சு இயந்திரம் மாதம் எத்தனை பை தாங்கும் என்று திட்டத்தில் இல்லை. 400தான் என்றால், முழு வேகத்தில் ஓட்டினாலும் லாபம் சுழியம்.

வகுத்தலில் பின்னம் வந்தால் எப்போதும் மேலே தள்ளுங்கள். விலை 50ஆகவே இருக்க, ஒரு பைக்கு ஆகும் செலவு (மாறும் செலவு) 32 ஆனால் விடை 333.33. அதை 333 என்று எழுதினால் நட்டத்தில் நிற்கிறீர்கள், சரியான விடை 334. செலவின் மேல் கூட்டிய விழுக்காட்டையும் விலையில் லாப விழுக்காட்டையும் குழப்பாதீர்கள்: 30க்கு வாங்கி 50க்கு விற்றால் முன்னது 66.7%, பின்னது 40%. தேர்வில் இரண்டையும் மாற்றி எழுதுவோர் ஏராளம்.

கேஸ் கேள்வியில் மதிப்பெண் போவதற்கும் இதே குணம்தான் காரணம். சூத்திரத்தோடும் வரையறையோடும் நின்றுவிடுகிறீர்கள். ‘விலையைக் குறைக்கலாமா? மதிப்பிடுக’ என்று வந்தால் பலர் இப்படி எழுதுவார்கள்: ‘விலை குறைந்தால் விற்பனை கூடும். ஆனால் லாபம் குறையலாம்.’ எந்தக் கடைக்கும் பொருந்தும் வரி இது, அதனால்தான் மதிப்பெண் இல்லை. இயந்திரத் திறன் 400 என்று வைத்துக்கொண்டு, மேலே பார்த்ததை வைத்து எழுதிப் பாருங்கள்: ‘45 விலையில் சமநிலைப் புள்ளி 300இலிருந்து 400 ஆகிறது. இயந்திரத் திறனும் 400 என்பதால், விற்பனை எவ்வளவு கூடினாலும் லாபம் வராது. எனவே இப்போதைக்குக் குறைக்கக் கூடாது. இரண்டாவது இயந்திரத்துக்கான செலவும் கடைகளின் உறுதியான ஆர்டரும் தெரிந்தால் இந்த முடிவு மாறலாம்.’ எண் இருக்கிறது, அது இந்தக் கடைக்கு என்ன செய்கிறது என்று இருக்கிறது, தீர்ப்பும், தீர்ப்பு எதைப் பொறுத்தது என்பதும் இருக்கிறது. ‘விளக்குக’ என்றால் காரணத்தோடு நிறுத்தலாம். ‘பகுப்பாய்வு செய்க’ என்றால் காரண விளைவுச் சங்கிலியை இரண்டு கண்ணியாவது நீட்ட வேண்டும். ‘மதிப்பிடுக’வுக்குத் தீர்ப்பு இல்லாமல் முடிக்கவே கூடாது.

கோட்பாடுகளும் அப்படியே. வணிகம் வளரும் வழிகளைப் பழைய பொருள், புதிய பொருள், பழைய சந்தை, புதிய சந்தை என்று பிரித்து இகோர் ஆன்சாஃப் 1957இல் முன்வைத்த கட்டத்தை நான்கு பெட்டியாக வரைந்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். அதே பையைப் புதிய கடைகளில் விற்பதா, அதே கடைகளுக்குப் புதிதாகப் பென்சில் பை தருவதா, உங்களிடம் உள்ள 5,000 எதைத் தாங்கும் என்று கேட்டால்தான் அந்தக் கட்டம் வேலை செய்யும்.

கடைசியாக, அந்த 360 எங்கிருந்து வந்தது? வகுப்புத் தோழர் முப்பது பேரிடம் ‘வாங்குவீர்களா?’ என்று கேட்டிருந்தால் அது ஆய்வே அல்ல. நண்பர்கள் மனம் நோகாமல் ‘ஆம்’ சொல்வார்கள், சொல்ல காசும் செலவாகாது. ‘கடைசியாக எப்போது பை வாங்கினீர்கள், என்ன விலைக்கு, எதற்காக?’ என்று நடந்ததைக் கேளுங்கள். இன்னும் நல்லது, ஐந்து மாதிரிப் பைகளைக் கடைகளில் காட்டி எழுத்தில் ஆர்டர் வாங்குவது. அதில் எண்ணிக்கை 360இலிருந்து 250க்கு இறங்கினால் மாதம் 1,000 நட்டம் என்று வரும். அதை மறைக்காமல் திட்டத்தில் எழுதி, நிலையான செலவில் எதை வெட்டுவீர்கள் என்று பக்கத்திலேயே காட்டுங்கள்.