மெதுவாகப் போகும்போது சரியாகக் காட்டும் ஆழமானி, படகு வேகமெடுத்ததும் ஏன் தடுமாறுகிறது?

ஆழமானி என்பது எதிரொலியை வைத்துத் தரை எவ்வளவு கீழே இருக்கிறது என்று சொல்லும் கருவி. படகின் பின்பலகையில், தண்ணீருக்குள் இருக்கும்படி பொருத்தும் சிறு துண்டுதான் டிரான்ஸ்டியூசர். ஒலியை அனுப்புவதும் திரும்பி வருவதைக் கேட்பதும் அதுதான்.

சிறிய மோட்டார் படகு வேகமெடுத்ததும் அடிப்பாகத்தை ஒட்டி நுரையும் காற்றுக் குமிழியும் ஓடும். அது டிரான்ஸ்டியூசரின் முகத்தை மூடினால் ஒலி அங்கேயே சிதறிவிடும். திரையில் எண் மின்னும், தாறுமாறாகத் தாவும், அப்புறம் காணாமலே போய்விடும். ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுகிறார்களே, அதுவும் இதற்காகத்தான். இடையில் காற்று இருந்தால் படம் தெளிவாக வராது.

ஆகவே முதலில் இடத்தைப் பாருங்கள். டிரான்ஸ்டியூசருக்கு நேர் முன்னால் அடிப்பாகத்தில் ரிவெட் வரிசையோ மேடோ இருந்தால் குமிழி பெரும்பாலும் அங்கிருந்துதான் கிளம்பும். பக்கவாட்டில் நகர்த்துங்கள். ப்ரொப்பெல்லருக்கும் ரொம்ப நெருங்க வேண்டாம். அடுத்து உயரம். முகம் அடிமட்டத்துக்குச் சில மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். பின்னால் தண்ணீர் விசிறியடித்தால் அதிகம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். கொஞ்சம் மாற்றி, ஓட்டிப் பார்த்து, மறுபடி மாற்றுங்கள். நின்றிருக்கும்போதே காட்டவில்லை என்றால் கேபிளையும் முகத்தில் படிந்த பாசியையும் பாருங்கள்.

வேகத்தில் எதிரொலி பின்தங்கிவிடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காரணமல்ல. தண்ணீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும், அது 10 மீட்டர் ஆழத்துக்குப் போய்த் திரும்புவதற்குள் 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கிலோமீட்டர்) வேகத்தில் ஓடும் படகு ஒரு சாண்கூட நகர்ந்திருக்காது.