தெரபி அறைக்குள் உங்களை விடுகிறார்களா?

கேள்வி: என் மகனுக்கு மூன்று வயது ஆகப் போகிறது. பேச்சு வரவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. எது வேண்டுமானாலும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறான். மருத்துவர் ஆட்டிசம் என்கிறார். மூன்று தெரபி மையங்களுக்குப் போய் விசாரித்தோம். கோவையில் உள்ள பெரிய மையத்தில், ஆறு மாதத்தில் 'நார்மல்' ஆக்கிவிடுவோம், முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டுங்கள் என்றார்கள். பெற்றோருக்கு உள்ளே அனுமதி இல்லை. வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டுமாம். இன்னொன்று எங்கள் ஊரிலேயே இரண்டு அறைகளில் நடக்கும் சிறிய மையம். பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரும் சிறப்புக் கல்வி ஆசிரியை ஒருவரும் இருக்கிறார்கள். எந்த உறுதியும் தர மறுக்கிறார்கள். மூன்றாவது இடத்தில் ஸ்டெம் செல் ஊசி போடலாம் என்றார்கள். நகையை அடகு வைக்கவும் தயாராக இருக்கிறேன். மாமியாரோ, "உன் புருஷனும் நாலு வயதில்தான் பேசினான், சும்மா இரு" என்கிறார். போனைக் காட்டிச் சோறு ஊட்டியதால்தான் இப்படி ஆனதா என்று நினைத்துத் தூக்கமே வருவதில்லை.
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்கிறேன். இல்லை. நீங்கள் போன் காட்டியதால் ஆட்டிசம் வரவில்லை. அது மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடு. பெரும்பாலும் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. மரபணுக்களுக்கு அதில் பெரிய பங்கு உண்டு. போனைக் குறைத்தால் நீங்கள் இருவரும் முகம் பார்த்து விளையாட நேரம் கிடைக்கும், அதற்காகக் குறையுங்கள். குற்ற உணர்ச்சியால் வேண்டாம்.

அடுத்து நகை. அது பீரோவிலேயே இருக்கட்டும். ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-லேயே சொல்லிவிட்டது. பலன் நிரூபிக்கப்படாத ஒன்றுக்காக மூன்று வயதுக் குழந்தையின் உடம்பில் ஊசி ஏற்றுவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. அந்த மூன்றாவது இடத்தின் வாசலை இனி மிதிக்காதீர்கள்.

'ஆறு மாதத்தில் நார்மல்' என்பவர்களையும் நம்பாதீர்கள். ஆட்டிசம் மருந்து கொடுத்துப் போக்கும் காய்ச்சல் அல்ல. தன் தேவையைச் சொல்லவும், பிறரோடு சேர்ந்து விளையாடவும், சத்தமும் வெளிச்சமும் தரும் தொந்தரவைச் சமாளிக்கவும், தானே சாப்பிடவும் குழந்தைக்குக் கற்றுத் தருவதுதான் தெரபியின் வேலை. சில குழந்தைகள் வேகமாக முன்னேறுவார்கள், சிலருக்கு வருடங்கள் ஆகும். எந்தக் குழந்தை எப்படி என்று முதல் நாளில் யாராலும் சொல்ல முடியாது. உங்கள் ஊர் மையம் உறுதி தர மறுத்ததை அதன் நேர்மையாகவே நான் பார்க்கிறேன். எங்கே சேர்த்தாலும் மாதாமாதம் மட்டும் பணம் கட்டுங்கள். பிடிக்காவிட்டால் விலகிவரும் சுதந்திரம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

பெற்றோரை உள்ளே விடமாட்டோம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விடப் பெரிய குறையாகத் தெரிகிறது. நான் ஒரு மையத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். பயிற்சியாளர் குழந்தைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து ஒருமுறை சோப்புக் குமிழி ஊதினார். பிறகு மூடியை இறுக்கி மூடி, பாட்டிலை அவன் முன்னால் வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தார். அவன் திருகிப் பார்த்தான், கடித்துப் பார்த்தான், திறக்கவில்லை. கடைசியில் பாட்டிலை அவர் கையில் திணித்து, ஒரு நொடி அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். அந்த நொடியிலேயே அவர் "ஊது!" என்று சொல்லி ஊதினார். அவன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடுத்த முறை பாட்டில் அம்மாவின் கைக்குப் போனது. வேறோர் இடத்தில் இதே வயதுக் குழந்தையை நாற்காலியில் உட்காரவைத்து, தாடையைப் பிடித்துத் திருப்பி, "இங்கே பார், ஆப்பிள் சொல்லு" என்று அட்டையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். குழந்தை ஆப்பிள் என்று சொல்லவும் செய்தது. ஆனால் வெளியே வந்ததும் தாகத்துக்குத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் தரையில் விழுந்து அழுதது.

முக்கால் மணி நேர தெரபி வாரத்துக்கு மூன்று நாள் நடந்தாலும், மீதி நேரம் முழுக்கக் குழந்தை உங்களோடுதான் இருக்கிறான். அறைக்குள் நடப்பது உங்களுக்குத் தெரிந்தால்தான் குளிக்கும்போதும் தோசை கேட்கும்போதும் அதையே செய்ய முடியும். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் நடந்து 2016-ல் வெளியான ஓர் ஆய்வில், சிறப்பு நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி தந்தார்கள். அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே பெற்றோரிடம் தொடர்பு கொள்வது கூடியது. நம்மைப் போன்ற வீடுகளில் நடந்தது என்பதால் எனக்கு அதில் கூடுதல் நம்பிக்கை. கேமராவில் பாருங்கள் என்று சொல்வது ஓரளவுக்குத்தான் சரி. வாரத்தில் ஒரு நாளாவது நீங்கள் உள்ளே உட்கார வேண்டும்.

ஆங்கிலம் மட்டும் பேசச் சொன்னதற்கு ஆதாரம் எதுவும் இல்லை. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பேச்சு தாமதமாவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பாட்டி கொஞ்சுவது தமிழில், நீங்கள் அதட்டுவது தமிழில். அவன் முதலில் புரிந்துகொள்ள வேண்டியதும் அந்தப் பேச்சைத்தான். தெரபியும் தமிழில் நடக்கட்டும். பேச்சு வரும்வரை படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கலாமா என்றும் விசாரியுங்கள். படம் பழகினால் பேச்சு வராது என்று பயமுறுத்துவார்கள், அது உண்மையல்ல.

சிறிய மையம் என்பதாலேயே சேர்த்துவிடவும் வேண்டாம். பேச்சுப் பயிற்சியாளரும் சிறப்புக் கல்வி ஆசிரியையும் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் (ஆர்.சி.ஐ.) பதிவு செய்திருக்க வேண்டும். ஆர்.சி.ஐ. பதிவு எண்ணைக் கேளுங்கள்; குழுமத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். முறையாகப் படித்தவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்கள். சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் அந்தக் குழுமத்தின் கீழ் வருவதில்லை. அவர்களிடம் அத்துறைப் பட்டத்தைக் கேளுங்கள். சில வாரப் பயிற்சி முடித்துவிட்டுத் தெரபிஸ்ட் என்று பலகை மாட்டியவர்கள் எல்லா ஊர்களிலும் இருக்கிறார்கள்.

பிறகு, என் மகனுக்கு அடுத்த மூன்று மாத இலக்கு என்ன என்று கேளுங்கள். 'பேச வைப்போம்' என்பது இலக்கு ஆகாது. 'தண்ணீர் வேண்டும்போது டம்ளரைச் சுட்டிக்காட்டுவான்' என்பது இலக்கு. அதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து பேசுங்கள். புதிய இடம் என்பதால் முதல் சில நாட்கள் குழந்தை அழலாம். வாரக்கணக்கில் அழுகை நீடித்தாலோ, அவனைப் பிடித்து அமுக்குவதையோ அடிப்பதையோ பார்த்தாலோ, அன்றே அழைத்து வந்துவிடுங்கள்.

பெயர் சொன்னால் திரும்புவதில்லை என்கிறீர்கள். காது கேட்கும் திறனைச் சோதித்தார்களா? கடிதத்தில் அது இல்லை. ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் எப்படி எதிர்வினை தருகின்றன என்று பார்க்கும் பெரா (BERA) பரிசோதனை செய்யாமல் பேச்சுப் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.

மாமியார் சொல்வதில் பாசம் இருக்கிறது. ஆனால் காத்திருக்க இது நேரமில்லை. இந்த வயதில் பயிற்சியைத் தொடங்குவதில் இழப்பு ஒன்றுமில்லை, தள்ளிப்போடுவதில் இருக்கிறது. அவரிடம் வாதாட வேண்டாம். ஒரு நாள் மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பக்கத்தில் உட்காரவையுங்கள்.

செலவுக்கு வருகிறேன். அரசின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி அல்லது தலைமை மருத்துவமனை வளாகத்தில் இயங்குகின்றன. கட்டணம் கிடையாது. உங்கள் ஊர் மையத்தில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இல்லை என்பதால் அந்தப் பகுதிக்கு இங்கே விசாரியுங்கள். விரிவான மதிப்பீடு வேண்டுமானால் சென்னை முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டத்தில் ஆட்டிசமும் ஊனமாக ஏற்கப்பட்டிருப்பதால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்தால் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டில் சேரலாம். ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை, தெரபிச் செலவும் ஒரு வரம்புக்குள் அதில் அடங்கும். அட்டை வாங்கினால் பிள்ளைக்கு முத்திரை விழுந்துவிடும் என்று உறவினர்கள் தடுக்கலாம். கேட்காதீர்கள், அது அவனுடைய உரிமை.

என் யோசனை, உங்கள் ஊர் மையம்தான். வாரம் மூன்று முறை கோவைக்குப் பஸ்ஸில் போய்வந்து களைத்துத் தூங்கும் குழந்தை அங்கே என்ன கற்றுக்கொள்வான்? மேலே சொன்ன பதிவு எண், உள்ளே உட்கார அனுமதி, எழுத்தில் இலக்கு ஆகிய மூன்றுக்கும் அவர்கள் சம்மதித்தால், மூன்று மாதம் என்று பேசிச் சேருங்கள். முதல் நாள் போகும்போது அவன் வீட்டில் விடாமல் வைத்துக்கொண்டிருக்கும் பொருள் எதுவோ, கரண்டியோ கார் பொம்மையோ, அதையும் எடுத்துப் போங்கள். அதைப் பிடுங்கி ஓரமாக வைக்கிறார்களா, அதை வைத்தே அவனோடு விளையாடத் தொடங்குகிறார்களா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள்.