கேளுங்க சொல்றேன்: ரெண்டாவது எபிசோடுக்கு ஆள் வருதா?

போன இதழ்ல தனியா காமிக்ஸ் போடுறவங்களப் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. இந்த தடவை முழுக்க அதுதான்.

கேள்வி: நாங்க நாலு பேர். ரெண்டு பேர் வரைவோம், ஒருத்தர் கதை, ஒருத்தர் கோடிங். பதிப்பகம் எதுவும் இல்லாம சொந்தமா காமிக்ஸ் போடுறவங்களுக்குன்னு ஒரு ஆன்லைன் தளம் ஆரம்பிக்கப் போறோம். லாகின், ரேட்டிங், கமெண்ட், ஆப்னு பெரிய லிஸ்டே போட்டாச்சு. முதல்ல எதைக் கட்டணும்?

லிஸ்ட்ட கொஞ்சம் ஓரமா வைங்க. வாட்ஸ்அப்ல ஒருத்தருக்கு உங்க லிங்க் வருதுன்னு வச்சுக்குவோம். அவருக்கு உங்க தளம் பேரு கூட தெரியாது, தெரிஞ்சுக்கணும்னு ஆசையும் இல்ல, ஃப்ரெண்ட் அனுப்பினான்னு தட்டுறார், அவ்வளவுதான். அந்த நேரத்துல "அக்கவுண்ட் ஓப்பன் பண்ணுங்க"ன்னு ஒரு பெட்டி வந்து நின்னா ஆள் எஸ்கேப். தட்டின உடனே முதல் பேனல், அதாவது முதல் படக்கட்டம், கண்ணு முன்னாடி வரணும். முதல் எபிசோட் முடிஞ்சு, ஐயோ அடுத்து என்னாச்சுன்னு அவருக்கே தோணுது பாருங்க, அந்த இடத்துல "அடுத்தது வந்ததும் சொல்லட்டுமா?"ன்னு ஒரு மெயில் ஐடி கேளுங்க. அதுதான் உங்க லாகின்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, தனியா வரையிறவருக்கு முதல் எபிசோடுக்கு ஆள் பிடிக்கிறது ஒரு கஷ்டம்னா ரெண்டாவது எபிசோடுக்கு அதே ஆளத் திரும்பக் கூட்டிட்டு வர்றது பத்து மடங்கு கஷ்டம். பகல்ல வேற வேலை, ராத்திரி வரைஞ்சு, மாசத்துக்கு எட்டு பக்கம் முடிச்சாலே பெரிய விஷயம். அந்த ஒரு மாசத்துல வாசகர் கதைய மறந்துடுவார், கதாநாயகி பேர மறந்துடுவார், உங்க தளம் எதுன்னே மறந்துடுவார். அதனால புது எபிசோட் வந்தா மெயில் போகணும், ஆர்எஸ்எஸ் (புதுசு வந்தா வாசகரோட ரீடர் ஆப்ல தானா காட்டுற வசதி) இருக்கணும், விட்ட இடத்துல இருந்தே பக்கம் திறக்கணும், "இதுவரை நடந்தது"ன்னு ரெண்டு வரி எழுத ஒரு இடம் கொடுக்கணும். ரேட்டிங் நட்சத்திரமெல்லாம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்.

இன்னொண்ணு, முகப்புல "அதிகம் படிக்கப்பட்டவை"ன்னு ஒரு வரிசை போட்டீங்கன்னா மேல இருக்கிறதையே எல்லாரும் தட்டுவாங்க, தட்டத் தட்ட அது மேலயே இருக்கும், புதுசா வந்தவர் கீழயே கிடப்பார். எத்தனை பேர் திறந்தாங்கன்னு எண்ணாதீங்க, திறந்தவங்கள்ல எத்தனை பேர் கடைசி பேனல் வரைக்கும் போனாங்க, அதுல எத்தனை பேர் அடுத்த எபிசோடுக்கு வந்தாங்கன்னு எண்ணுங்க. முப்பது பேர் திறந்து இருபத்தஞ்சு பேர் முடிச்ச காமிக்ஸ மேல ஏத்துங்க. அப்புறம் ஒவ்வொரு காமிக்ஸ் கடைசியிலயும் அத வரைஞ்சவரே "இதையும் படிங்க"ன்னு வேற மூணு பேரோடத கை காட்டட்டும். வெப்காமிக்ஸ் ஆரம்ப காலத்துல வெப்ரிங்னு ஒருத்தர் தளத்துல இருந்து அடுத்தவர் தளத்துக்கு இதே மாதிரிதான் சங்கிலி போட்டு வச்சிருந்தாங்க. எந்த அல்காரிதமும் அவ்வளவு ருசியா ஆள் காட்டினதா எனக்குத் தோணல.

கேள்வி: மேலிருந்து கீழ ஸ்க்ரோல் பண்ற மாதிரி வைக்கலாமா, புத்தகம் மாதிரி பக்கம் பக்கமாவா?

முடிவ வரையிறவர் கைல விடுங்க. திரைக்கு ஓரமே கிடையாது, எவ்வளவு நீளம் வேணா போகலாம்னு காமிக்ஸ் வரைஞ்சு, காமிக்ஸப் பத்தியும் எழுதுற ஸ்காட் மெக்லவுட் 2000-லயே எழுதிட்டார். கொரியாவோட நேவர் கம்பெனி 2004-ல வெப்டூன்னு ஒரு காமிக்ஸ் தளம் ஆரம்பிச்சு 2014-ல ஆங்கிலத்துக்கும் வந்துச்சு, இன்னைக்கு ஃபோன்ல படிக்கிறவங்களுக்கு மேலிருந்து கீழ ஓடுற அந்த நீளப் பட்டை பழகிப் போச்சு. அதுக்குன்னே வரைஞ்சா ரொம்ப நல்லா இருக்கும், பேனலுக்கு நடுவுல விடுற வெள்ளை இடமே மௌனமா வேலை செய்யும்.

ஆனா பக்கமா யோசிச்சு வரைஞ்சத நீங்களா வெட்டிப் பட்டையாக்காதீங்க. போன வாரம் என் அக்கா பொண்ணுகிட்ட ஒரு பழைய காமிக்ஸ் பிடிஎஃப்ப ஃபோன்ல கொடுத்துட்டு சும்மா பக்கத்துல உக்காந்து பாத்தேன். வசனம் படிக்க ரெண்டு விரல்ல பெருசாக்குறா, பெருசாக்கினா படம் ஓடிப் போயிடுது, தேடிப் பிடிச்சா அடுத்த பேனல் எதுன்னு தெரியல, மறுபடி சின்னதாக்குறா. மூணாவது பக்கத்துல ஃபோன கவுத்து வச்சுட்டு "கதை நல்லாதான் இருக்கு மாமா"ன்னா. இதுக்குத்தான் காமிக்ஸாலஜிங்கிற டிஜிட்டல் காமிக்ஸ் கடைல ஒவ்வொரு பேனலா கூட்டிட்டுப் போற ஒரு முறை வச்சிருந்தாங்க, ஒரு தட்டுக்கு ஒரு பேனல். ஏத்தும்போதே பேனல் வரிசைய வரையிறவர் விரலால குறிச்சுக் கொடுக்க ஒரு சின்ன கருவி கட்டிக் கொடுங்க. வலமிருந்து இடமா படிக்கிற மாங்கா (ஜப்பானிய காமிக்ஸ்) பாணிக்கும் ஒரு பட்டன் வேணும்.

வசனத்த படத்தோட ஒட்டிடாம தனி லேயரா, எழுத்தாவே வாங்கிக்க முடிஞ்சா பாதி தலைவலி போச்சு. எழுத்த பெருசாக்கலாம், வேற மொழிக்கு மாத்தலாம், தேடலாம், பார்வை இல்லாதவங்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் வாசிச்சும் காட்டும்.

கேள்வி: காசு எப்படி வாங்குறது? ஒரு எபிசோடுக்கு சில்லறை மாதிரி கொஞ்சமா வச்சா கொடுக்க மாட்டாங்களா?

இத ஏற்கனவே செஞ்சு பாத்துட்டாங்க. அதே மெக்லவுட் 2003-ல பிட்பாஸ்னு ஒரு சேவை மூலமா தன் காமிக்ஸ 25 சென்டுக்கு வித்தார், 2007-ல அந்த சேவையே மூடிட்டாங்க. காசு சின்னதுதான், ஆனா கொடுக்கலாமா வேணாமான்னு ஒவ்வொரு தடவையும் யோசிக்கணும் பாருங்க, அந்த யோசனை சின்னது இல்ல. 2013-ல வந்த பேட்ரியான்ங்கிற தளம் அத மாத்திடுச்சு, பெரும்பாலும் மாசா மாசம் ஒரு தொகை, வரையிற அந்த ஆளுக்கு. அதே வருஷம் பேனல் சிண்டிகேட்னு ஒரு காமிக்ஸ் தளம், பிடிச்ச விலைய கொடுங்க, பூஜ்யம் போட்டாலும் சரி, பூட்டு இல்லாத ஃபைல எடுத்துக்கங்கன்னாங்க. என் கட்சி இது ரெண்டும் கலந்தது: படிக்க இலவசம், முழுப் புத்தகமா இறக்கிக்க விருப்ப விலை, பிடிச்சவருக்கு மாசச் சந்தா. உங்க பங்கு எத்தனை சதவீதம்னு முகப்புலயே பெருசா எழுதிடுங்க.

ஆப்? அவசரமே வேணாம். ஆப்புக்குள்ள வித்தா ஆப்பிள் 30 சதவீதம் எடுத்துட்டு இருந்துச்சு, 2021-ல இருந்து சின்ன கம்பெனிகளுக்கு 15. 2014-ல அமேசான் காமிக்ஸாலஜிய வாங்கின சில வாரத்துல ஐபோன் ஆப்ல வாங்குற பட்டனயே எடுத்துட்டாங்க, வாங்கணும்னா பிரவுசருக்குப் போகணும்னு ஆச்சு. போற போக்குல ஒண்ணு வாங்கிட்டுப் போறவர் எதுக்கு பிரவுசர் திறக்கப் போறார்? பிரவுசர்லயே நல்லா ஓடுற தளம் முதல்ல.

கேள்வி: நான் வரையிறவள். இந்த மாதிரி தளத்துல சேரும்போது எதைப் பாக்கணும்?

வெளிய போற கதவப் பாருங்க. ஒரு தளத்துல நான் நாலு வருஷம் தொடர் போட்டேன், ஒரு நாள் மூடப் போறோம்னு மெயில் வந்துச்சு, பதினஞ்சு நாள் டைம். படமெல்லாம் ஜிப்பா கொடுத்தாங்க, அது என்கிட்டயே இருந்துச்சு. என்னைத் தொடர்ந்து படிச்சவங்க யாரு, அவங்களுக்கு நான் எங்க போறேன்னு எப்படிச் சொல்றது, அதுக்கு வழியே இல்ல. கமெண்ட்ல தினமும் பேசின ஒருத்தரோட நிஜப் பேரு கூட எனக்குத் தெரியாது. அதனால கேளுங்க: சம்மதம் சொன்ன வாசகர் மெயில் பட்டியல எடுத்துட்டுப் போக முடியுமா, காப்பிரைட் உங்க பேர்லயே இருக்குமா, அதே காமிக்ஸ வேற இடத்துலயும் போடலாமா? மூணுல ஒண்ணுக்கு இழுத்து இழுத்துப் பதில் வந்தாலும் சேராதீங்க. தளம் கட்டப் போற அந்த நாலு பேருக்கும் இதத்தான் சொல்றேன், சிபிஸெட்னு ஒரு காமிக்ஸ் ஃபைல் வடிவம் இருக்கு, அது பேர் மாத்தின ஜிப் ஃபைல்தான், அத ஒரே பட்டன்ல கொடுக்கிறதுக்கு ஒரு நாள் வேலை கூட ஆகாது.

கேள்வி: ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் பரப்புறத தடுக்க முடியுமா?

முடியாது. தள முகவரிய கடைசி பேனல் உள்ளயே, சுவத்துலயோ கடைப் பலகையிலயோ வரைஞ்சு விடுங்க. ஓரத்துல போட்டா வெட்டிடுவாங்க.