சிஐபி செய்தும் பாஸ்டரைசர் ப்ளேட்டில் வெள்ளைப் படிவம் நிற்கிறதே, காஸ்டிக்கைக் கூட்டலாமா?

மணிக்கு 5,000 லிட்டர் ஓடும் ப்ளேட் பாஸ்டரைசர், அதாவது பாலைத் தகடுகளுக்கிடையே ஓட்டிச் சூடாக்கிக் கிருமி நீக்கும் இயந்திரம். பிரிக்காமலே உள்ளே கரைசலைச் சுற்றவிட்டுக் கழுவும் சிஐபியில் தினமும் 1.5 சதவீதக் காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு), வாரத்துக்கு ஒருநாள் ஆசிட். அப்படியிருந்தும் ஹீட்டிங் ப்ளேட்டுகளில் வெள்ளைப் படிவம், சைலோவுக்கு (பெரிய பால் டேங்க்) போகும் 51 மிமீ லைனில் நாற்றம். இதுதான் நீங்கள் கேட்டது.

காஸ்டிக்கைக் கூட்ட வேண்டாம். வெள்ளைப் படிவத்துக்கும் நாற்றத்துக்கும் காரணம் வேறு வேறு.

முதலில் படிவம். சூட்டில் பாலின் கால்சியம் பாஸ்பேட் புரதத்தோடு சேர்ந்து ப்ளேட்டில் ஒட்டுகிறது. மில்க் ஸ்டோன் என்கிறோமே, அதுதான். காஸ்டிக் புரதத்தையும் கொழுப்பையும் எடுக்கும். சுண்ணாம்புப் பங்கை அதனால் கரைக்க முடியாது, எவ்வளவு கூட்டினாலும். அதற்கு ஆசிட்தான் வேண்டும். குளிர்ந்த பால் நிற்கும் டேங்குக்கு வாரம் ஒருமுறை ஆசிட் போதும். பால் சூடாகும் ப்ளேட்டுக்குத் தினமும் ஓட்டுங்கள். நைட்ரிக் 0.8 முதல் 1 சதவீதம், 60–65 டிகிரி, 15–20 நிமிடம். 500 லிட்டருக்கு 0.8 சதவீதம் என்றால், கடையில் வரும் 60 சதவீத நைட்ரிக் சுமார் 6.7 கிலோ. எப்போதும் தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. மலிவு என்று ஹைட்ரோகுளோரிக் பக்கம் போகாதீர்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் குழி குழியாக அரித்துவிடும். ஹைப்போகுளோரைட் (குளோரின் கிருமிநாசினி) போட்ட லைனில் தண்ணீர் விட்டு அலசாமல் ஆசிட் ஏற்றினால் குளோரின் வாயு வரும். ஆள் உயிருக்கே ஆபத்து.

தொடக்க அலசலையும் பாருங்கள். 40–45 டிகிரித் தண்ணீர், ரிட்டர்னில் (கழுவித் திரும்பி வரும் லைனில்) தெளிவாக வரும்வரை. பச்சைத் தண்ணீரில் கொழுப்பு உறைந்து சுவரில் பூசிக்கொள்ளும். சீக்கிரம் முடியட்டும் என்று 60 டிகிரிக்கு மேல் விட்டால், மிச்சமிருக்கும் பால் அங்கேயே வெந்து ஒட்டும். அப்புறம் காஸ்டிக்குக்கு இரட்டை வேலை.

காஸ்டிக்கில் 1.5 சதவீதமே தாராளம், 75–80 டிகிரியில் 30 நிமிடம். ஆனால் நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள்? பம்ப் போட்டதிலிருந்து எண்ணக் கூடாது. ரிட்டர்ன் லைன் தெர்மாமீட்டர் 75 காட்டிய பிறகுதான் முதல் நிமிடம். வலுவையும் ரிட்டர்னில்தான் அளக்க வேண்டும். 500 லிட்டர் டேங்கில் 7.5 கிலோ காஸ்டிக் செதில் போட்டால் 1.5 சதவீதம், ப்ளேட்டிலும் பைப்பிலும் ஏற்கெனவே 150 லிட்டர் தண்ணீர் நின்றிருந்தால் சுற்றில் ஓடுவது 1.15 சதவீதம்தான். ரிட்டர்னிலிருந்து 10 மில்லி எடுத்து, இரண்டு சொட்டு பினால்ப்தலீன் (காரத்தில் இளஞ்சிவப்பாகும் நிறங்காட்டி) விட்டு, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக்கைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து டைட்ரேட் செய்யுங்கள். இளஞ்சிவப்பு மறையும்போது செலவான மில்லியை 0.04 ஆல் பெருக்கினால் சதவீதம். 37.5 மில்லி இறங்கினால் 1.5. பலநாள் ஓடிய காஸ்டிக்கில் கார்பனேட்டும் சேர்ந்திருக்கும். அதிலும் ஒரு பங்கு இந்தக் கணக்கில் விழுவதால், உண்மையான வலு இதைவிடக் குறைவு.

இனி நாற்றம். இது வேகத்தின் குறை. பைப்புக்குள் குறைந்தது வினாடிக்கு 1.5 மீட்டர் ஓட வேண்டும். 38 மிமீ பைப்பில் அதற்கு மணிக்குச் சுமார் 5,400 லிட்டர், 51 மிமீ பைப்பில் சுமார் 9,500 லிட்டர் தேவை. நீங்கள் இரண்டையும் ஒரே சுற்றில் இணைத்து 5,000 லிட்டர் ஓட்டினால், 51 மிமீ லைனுக்குள் வேகம் 0.8 மீட்டரைக்கூடத் தொடாது. காஸ்டிக் நனைத்துவிட்டுப் போகிறதே தவிர, சுவரைத் தேய்ப்பதில்லை. அந்த லைனைத் தனிச் சுற்றாகப் பிரித்து, 10,000 லிட்டர் பம்பில் கழுவுங்கள். அதே லைனில் மூடிவைத்த டீ (T வடிவ இணைப்பு) ஏதாவது நீட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் நீளம் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் இருந்தால் உள்ளே சுழற்சி போகாது, அறுத்து எறிந்துவிடலாம். ப்ளோ டைவர்ஷன் வால்வை (சூடு போதாத பாலைத் திருப்பிவிடும் வால்வு) சிஐபி நடக்கும்போது சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றி மாற்றித் திறக்க வேண்டும். இல்லையென்றால் திருப்பிவிடும் லைன் நாள்கணக்கில் கழுவப்படாமலே கிடக்கும்.

பிரிக்கவே வேண்டாம் என்பதில்லை. சாம்பிள் காக், பட்டர்பிளை வால்வு சீல், யூனியன் கேஸ்கெட் இவற்றின் பின்பக்கம் சிஐபி எட்டாது. முறைவைத்துக் கழற்றிப் பாருங்கள். சூடான நைட்ரிக்கில் நைட்ரைல் ரப்பர் இறுகி வெடிக்கும். ஈபிடிஎம் ரப்பர் போடுங்கள். ப்ளேட்டைத் திறக்கும்போது, காய்ந்த பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்ணாம்புபோல் வெள்ளை என்றால் ஆசிட் போதவில்லை. நீலமாய் வானவில் மினுக்கு என்றால் புரதம் நிற்கிறது. காயும் முன்பே தண்ணீர் முத்து முத்தாய் நின்றால் கொழுப்பு.

சைலோவைக் கழுவும்போது மேன்ஹோலோ வென்டோ திறந்திருக்கிறதா என்று பார்க்காமல், சூடான காஸ்டிக்குக்குப் பின் குளிர்ந்த தண்ணீரை ஒருபோதும் அடிக்காதீர்கள். உள்ளே ஆவி சுருங்கி வெற்றிடமாகி, டேங்க் நொடியில் உள்வாங்கி நசுங்கிவிடும்.