பேஸ்பாலும் ஒரு ரயில்வே கேட்டும்

ஐயாவுக்கு வணக்கம்.

பாபநாசம் பக்கம் ஒரு கிராமம், விவசாயம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியில் பி.டி. சார் இந்த வருடம் பேஸ்பால் டீம் ஆரம்பித்து இவளையும் சேர்த்திருக்கிறார். எனக்கு கிரிக்கெட் தெரியும், இது தெரியாது. யூடியூப் பார்த்துச் சொல்லிக்கொடுக்கிறேன். தினமும் காலை ஐந்தரைக்கு எழுப்பி நூறு பந்து எறிய வைக்கிறேன். இதுவரை மூன்று மேட்ச் ஆடிவிட்டாள். பேட்டில் பந்து படவே இல்லை. கேட்ச் வந்தால் கண்ணை மூடி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஓரத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்கிறேன், காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்தால் அழுகை. பெண் பிள்ளைக்கு எதற்கு இது என்று சொந்தக்காரர்கள் வேறு. கிரிக்கெட்டுக்கே மாற்றிவிடலாமா? இதில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கிடைக்குமா? கிளவுஸ் எப்படிப் பார்த்து வாங்குவது? சின்ன வயது விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததால் கேட்கிறேன். என் பெயர் வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

கோட்டாவைத் தூக்கிப் பரண்மேல் போடுங்கள். பந்தைக் கண்டு பயப்படுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு காலேஜ் சீட்டுக்குக் கணக்குப் போடுகிறீர்கள். கிரிக்கெட்டுக்கு மாற்றுவதை அவளிடம்தான் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை. சொந்தக்காரர்கள் விஷயத்துக்கு மட்டும் ஒரு கதை சொல்கிறேன். 1972-ல் அமெரிக்காவில் ஹோபோகன் என்ற ஊரில் மரியா பெப்பே என்ற சிறுமி பையன்களோடு சேர்ந்து, சின்னப் பிள்ளைகளுக்கான லிட்டில் லீக் என்ற அமைப்பில் பேஸ்பால் ஆடினாள். மூன்று மேட்ச். பெண் என்று சொல்லி நிறுத்திவிட்டார்கள். வழக்கெல்லாம் நடந்து 1974-ல் பெண் பிள்ளைகளுக்கு வழி திறந்தபோது அவளுக்கு வயது தாண்டிவிட்டது. உங்கள் மகளும் மூன்று மேட்ச்தான் ஆடியிருக்கிறாள். சொந்தக்காரர்கள் காப்பி குடித்துவிட்டுப் போகட்டும்.

நூறு பந்து என்று படித்த இடத்தில் எனக்குக் கோபமே வந்தது. அந்த லிட்டில் லீக்கில் 11, 12 வயதுப் பிட்சர், அதாவது அடிப்பவருக்குப் பந்து வீசுகிற பிள்ளை, ஒரு நாளில் 85 பந்துக்கு மேல் வீசக்கூடாது. 66 ஆகிவிட்டாலே அப்புறம் நாலு நாள் ஓய்வு. அந்த வயதில் முழங்கை எலும்பு நுனியில் இன்னும் குருத்தாகத்தான் இருக்கும். ஓயாமல் எறிந்து வருகிற வலிக்கு ‘லிட்டில் லீக் எல்போ’ என்று டாக்டர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். நீங்கள் ஒரு நாள் விடாமல் நூறு! நட்ட நாற்று பச்சை பிடிக்க எத்தனை நாள் ஆகும் என்று விவசாயிக்கு நான் சொல்ல வேண்டுமா? நாளைக்கே நிறுத்துங்கள்.

லிட்டில் லீக்கை 1939-ல் பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்று டீமை வைத்து ஆரம்பித்தார். அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, மைதானத்தைச் சுருக்கியதுதான். பந்தை அடித்துவிட்டு ஓடித் தொட வேண்டிய இடம்தான் பேஸ். பெரியவர்களுக்குப் பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி. பிள்ளைகளின் காலைப் பார்த்து அவர் 60 அடியாக்கினார். பிட்சர் நிற்கிற தூரமும் பெரியவர்களுக்கு 60 அடி 6 அங்குலம், 12 வயதுக்கு 46 அடி. இன்னும் சின்னவர்களுக்குப் பந்தை வீசுவதே கிடையாது, ஒரு கம்பத்தின் மேல் வைத்துவிட்டு அடி என்பார்கள். நீங்களும் அவள் இடுப்பு உயரத்துக்கு ஒரு மூங்கிலை நட்டு, தலையில் சைக்கிள் டியூப் துண்டைச் செருகி, பந்தை வைத்து அடிக்க விடுங்கள். ‘டொக்’ என்று பந்து படுகிற சத்தத்தை அவள் ஒரு நூறு தடவை கேட்கட்டும். எறிகிற நூறுக்குப் பதில் இந்த நூறு. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். 1941-ல் டெட் வில்லியம்ஸ் என்ற ஆட்டக்காரர் .406 அடித்தார், அதாவது ஆயிரத்துக்கு 406 என்ற கணக்கில் ஹிட் அடித்தார் என்று இன்றும் கொண்டாடுகிறார்கள். பத்துக்கு ஆறு தடவை அடிக்க முடியாமல் போன மனிதரைத்தான் கொண்டாடுகிறார்கள்.

கண்ணை மூடுகிற விஷயத்துக்கு வருவோம். நடுவே கார்க், மேலே இறுகச் சுற்றிய நூல், அதற்கு மேல் தைத்த தோல், 140 கிராமுக்குக் கூடுதல் எடை. இப்படி ஒன்று மூக்குக்கு நேரே வந்தால் கண்ணை மூடுவதுதான் புத்தியுள்ள பிள்ளைக்கு அழகு. அவளுக்கு எப்போதாவது அடிபட்டதா? கடிதத்தில் இல்லை. கேட்டீர்களா? பழைய காலுறையைச் சுருட்டிப் பந்தாக்கி, பத்தடி தள்ளி நின்று, கையைக் கீழிருந்து வீசி மெதுவாகப் போடுங்கள். வெறுங்கையால் பிடிக்கட்டும். அப்புறம் டென்னிஸ் பந்து. தோல் பந்து ஒரு மாதம் கழித்து வந்தால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

நாங்கள் யாரிடம் கற்றோம்? எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரை. மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். அப்புறம் ஜூன் 12 வரை ஆறு எங்களுடையது. பூவரசங்கிளையில் முழ நீளத்துக்குக் கிட்டி, இரண்டு முனையும் சீவிய சுண்டுவிரல் நீளப் புள். மணலில் குழி நிற்காது என்பதால் கரையோரம் வண்டல் காய்ந்து இறுகிய இடமாகப் பார்த்துத் தோண்டுவோம். முனையில் தட்டினால் புள் எழும்பும். எழும்பி, ஒரு கணம் சும்மா நிற்பது போல இருக்கும். அப்போது அடிக்க வேண்டும். உருட்டைக் கம்பால் அந்தரத்தில் நிற்கிற சுண்டுவிரலை அடித்தவனுக்கு பேஸ்பால் பெரிய வித்தை இல்லை என்பது என் கட்சி. கிரிக்கெட்டின் பட்டை மட்டைக்காரர்கள் சண்டைக்கு வரலாம், வரட்டும். ஆபத்தில்லாத ஆட்டம் என்று சொல்லமாட்டேன். எங்கள் தெருவில் ஒருவனுக்குப் புருவம் கிழிந்து தையல் போட்டார்கள், மயிரிழையில் கண் தப்பியது. ஆனால் அந்த நாலரை மாதமும் எந்த அப்பாவும் ஆற்றுக்குள் இறங்கி ‘முட்டியை மடக்கு’ என்று சொன்னதில்லை. இருட்டிய பிறகு சாப்பிடக் கூப்பிடத்தான் வருவார்கள், அதுவும் கரையோடு சரி.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாத வரி, ‘ஓரத்தில் நின்று கத்திக் கத்திச் சொல்கிறேன்’ என்பது. அந்த ஓரத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

என் மகன் தஞ்சாவூரில் ஆறாவது படித்தபோது பள்ளி கிரிக்கெட் டீமில் இருந்தான். எல்லா மேட்சுக்கும் ஸ்கூட்டரில் கூட்டிப்போவேன். எல்லைக்கோட்டில் நின்று ஓயாமல் பேசுவேன். முன்னால போ, பின்னால வா, கையைக் குவி, தூங்காதடா. நல்ல அப்பா என்ற நினைப்பு. ஒருநாள் அவன் மிட் ஆனில் நிற்கிறான். சுலபமான கேட்ச், உயர எழும்பி நிதானமாக இறங்குகிறது. அவன் கையைக் குவித்தான். குவித்துவிட்டு, தம்பி, அவன் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். கை குவித்தபடி இருக்க முகம் மட்டும் என் பக்கம். பந்து அவன் தோளில் பட்டு விழுந்தது.

இதை இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்தது கேட்ச் போனது மட்டும்தான். திரும்பும் வழியெல்லாம் பாடம். பின்னால் உட்கார்ந்திருப்பவன் முகம் தெரியாது என்பது ஸ்கூட்டரில் எவ்வளவு வசதி பாருங்கள். கும்பகோணம் ரயிலுக்காகக் கேட் போட்டிருந்தது. இன்ஜினை அணைத்தேன், வாயை அணைக்கவில்லை. ரயில் தடதடவென்று போகிறது, அதற்கு மேலே கத்திக்கொண்டிருக்கிறேன். கடைசிப் பெட்டி போனதும் திடீரென்று அமைதி. பின்னாலிருந்து குரல் வந்தது: “அப்பா, இனிமே சாயங்காலம் நான் டியூஷன் போறேன்ப்பா.”

எனக்குச் சந்தோஷம். அதுதான் வெட்கக்கேடு. பையனுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று வீட்டில் போய்ச் சொன்னேன். மறுநாள் பேட்டை அவனே கொண்டுபோய்ப் பரணில் வைத்தான். இப்போது முப்பது தாண்டிவிட்டது. தெருவில் பிள்ளைகள் ஆடினால் அவன் நின்று பார்ப்பதுகூட இல்லை.

ஆகையால் தம்பி, உங்கள் பெண் கண்ணை மூடுவது பந்துக்காகத்தானா என்று ஒருமுறை யோசியுங்கள். அடுத்த மேட்சுக்குப் போங்கள், வாயில் வெற்றிலையை அடக்கிக்கொள்ளுங்கள். தவறு செய்தால் எழுதிவைக்க அந்த ஆட்டத்திலேயே இடம் உண்டு. ரன், ஹிட், அதற்குப் பக்கத்திலேயே எரர் என்று பலகையில் போடுவார்கள். நீங்கள் வேறு ஒரு பலகை தூக்க வேண்டாம். திரும்பும்போது வண்டியில் மேட்ச் பேச்சே வேண்டாம். அவளாக ஆரம்பித்தால் “ம்” கொட்டுங்கள்.

இப்போது மே மாதம், ஆறு காய்ந்து கிடக்கும். மணல் அள்ளிய பள்ளமில்லாத இடமாக, சமதரையாகப் பார்த்து, அவளையும் நாலு தோழிகளையும் டென்னிஸ் பந்தோடு இறக்கிவிடுங்கள். ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பது சரி. கரையில் நிழலாகப் பார்த்து உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம் வரைக்கும்.

கிளவுஸ் கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். எறிகிற கை வலது என்றால் கிளவுஸ் இடது கைக்கு. ‘வளர்ந்த பிறகும் ஆகும்’ என்று பெரிய அளவில் வாங்காதீர்கள், அவளால் மூட முடியாது. புதுத் தோல் விறைப்பாக இருக்கும். உள்ளங்கைக் குழியில் பந்தை வைத்து மூடி, கயிற்றால் கட்டி, ராத்திரி தலையணைக்கு அடியில் வைத்தால் நாளாவட்டத்தில் இளகும். கயிற்றை அவள் கட்டட்டும். முடிச்சு சரியில்லை என்று நீங்கள் அவிழ்த்துக் கட்டாதீர்கள்.

அன்புடன்.