மைனாவின் சாட்சி

கடிதம்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். ‘டுவின் பீக்ஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரை இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்தேன். 1990, 1991 ஆண்டுகளில் ஒளிபரப்பான 30 அத்தியாயங்களையும் முடித்து, 2017இல் வந்த 18 அத்தியாயங்களையும் பார்த்துவிட்டேன். லாரா பால்மரைக் கொன்றவர் யார் என்ற கேள்விக்கு விடை கிடைத்தாலும், எனக்கு இரண்டு குறைகள் இருக்கின்றன.

ஒரு கொலை விசாரணைக் கதையில் இத்தனை காதல்களும் கள்ள உறவுகளும் எதற்கு? எட், நார்மா, ஷெல்லி, பாபி, பென் ஹார்ன், கேத்தரீன் என்று யாரைத் தொட்டாலும் அவருக்கு இன்னொருவருடன் மறைவான தொடர்பு இருக்கிறது. விசாரணை சூடுபிடிக்கும் நேரத்தில் கதை இவர்களில் யாருடைய படுக்கையறைக்காவது போய்விடுகிறது.

இரண்டாவது குறை விலங்குகளைப் பற்றியது. நான் ஓர் அட்டவணையே தயாரித்துவிட்டேன். ஆந்தை என்றால் பாப், அதாவது மனிதருக்குள் புகும் அந்தத் தீய ஆவி. வெள்ளைக் குதிரை என்றால் மரணம், ஏனென்றால் பைபிளில் மரணம் வெள்ளைக் குதிரையில் வருகிறது. மைனா என்றால் லாரா. மான்தலை, காப்பிப் பாத்திரத்தில் கிடந்த மீன், கால்நடை மருத்துவமனையில் வந்த லாமா ஆகியவற்றுக்கு எதிரே கேள்விக்குறிதான் போட்டிருக்கிறேன். இந்த அட்டவணை சரியா, அல்லது பார்வையாளரைக் குழப்புவதற்காக இயக்குநர் டேவிட் லிஞ்ச் விலங்குகளை அங்கங்கே தூவிவிட்டாரா?

அன்புடன்,
ஒரு வாசகர்

பதில்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேள்விக்குக் கொலையாளியின் பெயரைச் சொல்லாமல் பதில் எழுத முடியாது. தொடரை இனிமேல்தான் பார்க்கப்போகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம்.

நீங்கள் தனித்தனியாகச் சொன்ன இரண்டு குறைகளும் எனக்கு ஒரே விஷயத்தின் இரண்டு முனைகளாகத் தெரிகின்றன. முதலில் உறவுகளைப் பார்ப்போம். வாஷிங்டன் மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகே இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட அந்த மரம் அறுக்கும் ஊரில், எல்லோருக்கும் இன்னொரு வாழ்க்கை இருக்கிறது. கணவன் லியோவின் அடிக்குத் தப்ப ஷெல்லி பாபியிடம் போகிறாள். அந்த பாபியோ ஊரறிய லாராவின் காதலன். லாரா அவனுக்குத் தெரியாமல் ஜேம்ஸைச் சந்திக்கிறாள். இவற்றை விசாரணைக்கு இடையூறான கிளைக்கதைகள் என்று நினைத்தால் எரிச்சல்தான் வரும். ஆனால் மறைக்க ஏதாவது வைத்திருப்பவன் அடுத்த வீட்டுக்காரனிடம் ஒரு கேள்வியும் கேட்க மாட்டான், கேட்டால் தனக்கும் ஒரு கேள்வி திரும்பி வரும் என்பதை யோசித்துப் பாருங்கள். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஊர் நடுவே சிறுகச் சிறுக அழிந்துகொண்டிருந்தபோது யாரும் வாய் திறக்காமல் இருந்ததற்கு அந்தக் கள்ள உறவுகள்தான் காரணம். அவள் அடக்கத்தின்போது, அவளுக்கு ஆபத்து இருந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அவளைக் கொன்றது நாம் எல்லோரும்தான் என்று பாபி கத்துகிறான். அவனை ஒரு முரட்டுப் பையனாகவே பார்த்து வந்த நமக்கு அது கோபத்தில் வந்த பேச்சாகப் படுகிறது. முதல் பருவத்தில் யாரும் சொன்ன மிகச் சரியான துப்பு அதுதான் என்பது என் எண்ணம்.

இப்படி வாயை மூடிக்கொண்ட ஊருக்குள்தான் மைனா வருகிறது. கொலையை விசாரிக்க வந்த எஃப்.பி.ஐ. அதிகாரி கூப்பரின் கனவில் தோன்றும் குள்ள மனிதன், நாங்கள் வரும் இடத்தில் பறவைகள் இனிய பாட்டுப் பாடும், காற்றில் எப்போதும் இசை இருக்கும் என்கிறான். அந்தப் பேச்சின் பொருள், காட்டுக்குள் இருக்கும், போதைப்பொருள் கடத்தும் ஜாக் ரெனோவின் குடிலில், ஓடிக்கொண்டிருக்கும் இசைத்தட்டுக்கும் கூண்டில் இருக்கும் மைனாவுக்கும் முன்னால் விளங்குகிறது. லாராவின் உடலில் இருந்த பறவைக் கொத்தல்கள் அந்த மைனாவுடையவை. அதாவது அன்றிரவு அங்கே நடந்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கிறது. கூப்பருக்குப் பறவைகளைப் பிடிக்காது. ஆனாலும் குரல் கேட்டால் தானே ஓடத் தொடங்கும் ஒலிப்பதிவுக் கருவியைக் கூண்டருகே வைத்துவிட்டுக் காத்திருக்கிறார். லியோ வெளியிலிருந்து சன்னல் வழியே சுடுகிறான். மைனாவின் இரத்தம் கீழே வரிசையாக அடுக்கியிருக்கும் டோனட்டுகளின் மேல் சொட்டுகிறது. பிறகு ஒலிநாடாவை ஓடவிட்டால், லாராவின் பெயரும், அங்கே போகாதே என்ற எச்சரிக்கையும், வலிக்கிறது என்ற கெஞ்சலும், லியோ வேண்டாம் என்ற அலறலும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பறவையின் குரலில் வருகின்றன.

நீங்கள் மைனாவை லாரா என்று குறித்திருக்கிறீர்கள். கூண்டில் அடைபட்டது, கொல்லப்பட்டது என்ற ஒப்புமைகளால் அப்படித் தோன்றியிருக்கும். ஆனால் அந்தக் காட்சி நம்மை உறையவைப்பதற்குக் காரணம், அந்தப் பறவைக்குத் தான் சொல்வது எதுவும் புரியவில்லை என்பது. மைனா கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லும், அவ்வளவுதான். அதற்கு யாரையும் காப்பாற்ற வேண்டியதில்லை, எதையும் மறைக்க வேண்டியதில்லை. லாராவை நேசித்ததாகச் சொல்லும் அத்தனை பேரும் வாய்மூடி இருக்க, அவளுக்காகச் சாட்சி சொல்ல ஒரு பறவைதான் மிஞ்சியது. பொய் சொல்லும் திறனற்ற அந்த ஒரே சாட்சியையும் ஊர் சுட்டுத் தள்ளிவிடுகிறது.

இந்தக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு குறுந்தொகையின் 25ஆம் பாடல் நினைவுக்கு வரும். கபிலர் பாடியது. அவன் என்னைக் கூடிய நாளில் அங்கே வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான் இருந்தான், அவனே பொய்த்துவிட்டால் நான் என்ன செய்வேன் என்று கேட்கும் தலைவி, தினைத்தாள் போன்ற மெல்லிய பசுங்கால்களோடு ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டிருந்த குருகும் அங்கே இருந்தது என்று முடிக்கிறாள். குருகின் கண் மீனின் மேல் இருந்தது. அருகிலேயே நின்றும் அது எதையும் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் பேசாது. அந்தக் குருகு தலைவிக்குக் குறியீடா என்று யாரும் கேட்பதில்லை. சாட்சியே இல்லாத நிலையைத்தான் அந்தப் பறவை ஒரு பொருளாக நம் முன் நிறுத்துகிறது. பேசாத குருகும் பேசிவிட்ட மைனாவும் செய்வது ஒரே வேலை. இருக்கவேண்டிய மனிதன் இல்லாத இடத்தில் அவை இருக்கின்றன.

இதே கண்ணோடு வெள்ளைக் குதிரையைப் பாருங்கள். முதலில் ஒரு சிறு திருத்தம். வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் நான்கு குதிரைகள் வருகின்றன. வெள்ளைக் குதிரையில் வருபவன் வில்லோடும் கிரீடத்தோடும் ஜெயிக்கப் புறப்படுகிறவன். மரணம் ஏறிவருவது நான்காவதான மங்கின நிறமுள்ள குதிரையில். ஆக, அட்டவணையின் அந்த வரி அப்படியே நிற்காது. நின்றாலும் அது நமக்கு என்ன தந்துவிடும்? 1990 நவம்பர் 10 அன்று ஒளிபரப்பான அந்த அத்தியாயத்தில், இசைத்தட்டு முடிந்து முள் சும்மா உரசிக்கொண்டிருக்கும் வீட்டில், லாராவின் தாய் சாரா கணவனைப் பெயர் சொல்லி அழைத்தபடி மாடிப்படியில் தவழ்ந்து இறங்குகிறாள். கூடத்தில் ஒரு வெள்ளைக் குதிரை நிற்பதைப் பார்த்து மயங்கி விழுகிறாள். அதே கூடத்தில் அந்தக் கணவர், லாராவைக் கொன்ற அவள் தந்தை லீலண்ட், கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார். சிறிது நேரத்தில் அங்கே லாராவின் உறவுச் சகோதரி மேடி கொல்லப்படுகிறாள். நான் கவனிப்பது சாரா எதைக் காணவில்லை என்பதை. கண்ணாடி முன் நிற்கும் கணவனைப் பார்க்கவேண்டிய கண்களில் குதிரை வந்து நின்றுகொள்கிறது. தொடரின் தொடக்கத்திலும் இப்படித்தான். மகளின் கட்டிலடியில் பதுங்கியிருந்த ஒருவனின் முகத்தை அவள் விவரிக்க, காவலர்கள் வரைந்தும் பார்க்கிறார்கள். அது ஓர் அந்நியனின் முகம். இரண்டு முறையும் அவள் உண்மைக்கு வெகு அருகில் பார்க்கிறாள். இரண்டு முறையும் கணவனின் முகம் மட்டும் அவளுக்குத் தெரிவதில்லை. இதன் முன்கதையாக 1992இல் வந்த திரைப்படத்தில் லீலண்ட் மருந்து கலந்த பாலை அவளுக்குக் கொடுக்க, அதைக் குடித்தபின் குதிரை தோன்றுவது, இதை இன்னும் கொடுமையாக்குகிறது. அவள் பார்வை அவளாக மூடியதா, மற்றவர் மூடியதா என்பதைப் பிரிக்கமுடியாமல் போகிறது. ஒரு திருமணத்தைப் பற்றி இதைவிடக் கடுமையாக எந்த வசனமும் சொல்லியிருக்க முடியாது.

ஆந்தை சற்றுச் சிக்கலானது. இரண்டாம் பருவத்தின் தொடக்கத்திலேயே, ஆந்தைகள் நாம் நினைப்பவை அல்ல என்று கூப்பரின் கண்முன் மாயமாகத் தோன்றும் ராட்சதன் அவரிடம் சொல்லிவிடுகிறான். இந்த வேலைக்கு ஆந்தையைத் தேர்ந்தது சரியான தேர்வு. மற்றப் பறவைகளைப்போலன்றி இரு கண்களும் முன்னோக்கி இருப்பதால் அதற்கு மனித முகச்சாயல் உண்டு. இறகுகளின் விளிம்பிலுள்ள சீப்புப் பற்கள் போன்ற அமைப்பு காற்றின் ஒலியை அடக்குவதால் அது வருவது கேட்பதில்லை. சத்தமில்லாமல் வீட்டுக்குள் நடமாடும், மனித முகம் கொண்ட ஒன்று என்றால் லாராவின் கதையில் அது யார் என்று நமக்குத் தெரியும். ஆனால் ஆந்தைதான் பாப் என்று எழுதி முடித்துவிட்டால், தொடரின் மிக முக்கியமான உரையாடல் வீணாகிவிடும். லீலண்ட் இறந்தபின் கூப்பர், ஊர் ஷெரிஃப் ட்ரூமன், கூப்பரின் எஃப்.பி.ஐ. சகா ஆல்பர்ட், விமானப்படை மேஜர் பிரிக்ஸ் நால்வரும் காட்டோரம் நிற்கிறார்கள். ஓர் ஆவி இதைச் செய்தது என்று நம்ப ட்ரூமனால் முடியவில்லை. ஒரு தகப்பனே தன் மகளை இப்படிச் செய்தான் என்று நம்புவது எளிதா என்று கூப்பர் கேட்கிறார். மனிதர் செய்யும் தீமைதான் பாப் என்பதாக இருக்கலாம் என்கிறார் ஆல்பர்ட். உண்மையிலேயே அவன் இருந்து தப்பியும் விட்டான் என்றால் இப்போது எங்கே என்று ட்ரூமன் கேட்க, ஓர் ஆந்தை பறந்து வருகிறது. கேள்விக்கு அது பதில் இல்லை. குற்றத்தை வீட்டுக்குள்ளிருந்து காட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்ற அந்த ஆண்களின் ஆசைக்குச் சிறகு முளைத்ததாகவே நான் அதைப் படிக்கிறேன்.

பிற்பாதியில் ஆந்தைக்குகையும் சுவரில் செதுக்கிய சின்னமும் வரைபடமும் வந்தபோது எனக்கு ஆர்வம் குறைந்துபோனதை மறைக்க விரும்பவில்லை. ஒரு நிலத்துக்குரிய விலங்கு, பறவை, மரம் போன்ற கருப்பொருள்களில் தெய்வம் ஒழிந்தவற்றையே, அவற்றின் வழியே மறைமுகமாகப் பொருள் உணர்த்தும் உள்ளுறைக்கு நிலமாகக் கொள்ளவேண்டும் என்று தொல்காப்பியம் விதிக்கிறது. காரணம் எதுவாயினும், அந்த விதியின் நுட்பம் எனக்கு இந்தத் தொடரைப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஆந்தை ஆந்தையாக, காட்டில் வாழும் ஓர் உயிராக இருந்தவரை அதன் பின்னால் மனித உறவுகள் நிழலாடின. அமானுஷ்ய உலகத்தின் முத்திரையாக அது மாறியபின் அதைப் புரிந்துகொள்ள லாராவின் குடும்பம் தேவைப்படவில்லை, ஒரு வரைபடம் போதுமானதாக இருந்தது. கொலையாளியை அத்தனை சீக்கிரம் வெளிப்படுத்த தொடரை உருவாக்கிய லிஞ்சுக்கும் மார்க் ஃப்ராஸ்டுக்கும் விருப்பமில்லை, தொலைக்காட்சி நிறுவனத்தின் நெருக்குதலே காரணம் என்பது பலமுறை பேசப்பட்ட விஷயம். பைன் காட்டு மரநாயைக் காப்பாற்றுகிறேன் என்று பென் ஹார்ன் கிளம்பும் பகுதியை அந்தத் தள்ளாட்டத்தின் கணக்கில் வைத்துவிடலாம்.

உங்கள் கேள்விக்குறிகளில் மான்தலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். வங்கி அறையின் மேசைமேல் கிடக்கும் அந்தத் தலை, சுவரில் மாட்டுவதற்காக வைக்கப்பட்டிருந்தது. லிஞ்ச் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். பாப் பாத்திரமும் இப்படி வந்ததுதான். ஃப்ராங்க் சில்வா அரங்கப் பொருள்களை அடுக்கும் பணியில் இருந்தவர், படப்பிடிப்பில் தற்செயலாகக் கண்ணாடியில் அவர் உருவம் விழுந்தது. மீனையும் லாமாவையும் நான் சிரித்துவிட்டுக் கடந்துவிடுகிறேன். எல்லாவற்றுக்கும் எதிரே ஒரு சொல் எழுத வேண்டிய கட்டாயம் பார்வையாளருக்கு இல்லை.

அட்டவணையில் நீங்கள் சேர்க்காத ஒரு விலங்கு 2017 தொடரின் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. முதுமையடைந்த சாரா, அதே வீட்டில், தனியாக, புகைத்துக்கொண்டு குடித்துக்கொண்டு தொலைக்காட்சி பார்க்கிறாள். திரையில் சிங்கங்கள் ஓர் எருமையை வீழ்த்திக் கிழிக்கின்றன. அந்தக் காட்சி அவளுக்குப் பின்னாலுள்ள கண்ணாடிகளிலும் விழுகிறது. கணவன் இல்லை, மகள் இல்லை, மேடி இல்லை. கூடத்தில் குதிரையும் இல்லை. சாரா கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்.